கொத்தனார் வீட்டுப் பிள்ளை சிவில் படிக்க: கேட்டு வாங்க வேண்டிய பணம்

தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் வேலை சென்னையின் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர்ப் பக்கம் ஓயாமல் நடக்கிறது. மத்தியச் சட்டப்படி, இந்தக் கட்டடங்களுக்குத் தொழிலாளர் நலவரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது கட்டுமானச் செலவில் 1 சதவீதம். 50 லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். சட்டம் குறிக்கும் வரம்புக்கு மிகாத செலவில் சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கு விலக்கு உண்டு.

இந்தப் பணம் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்துக்குப் போகிறது. அங்கிருந்துதான் பதிவு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வருகிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் எல்லாமே இதில் அடங்கும். ஆகவே இதை யாரும் தர்மமாக நினைத்துக் கூச வேண்டாம். உழைத்தவரின் பங்கு அது.

வாரிய அட்டை உயிரோடு இருக்கிறதா?

கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் அடிப்பவர், பெயின்டர், பிளம்பர் என 18 முதல் 60 வயதுக்குள் உள்ளவர்கள் வாரியத்தில் பதியலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் புதுப்பிக்காமல் விட்டால், பிள்ளைக்கு உதவி கேட்கும்போது விண்ணப்பம் நின்றுவிடும். கல்லூரி திறக்கும் முன்பே அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். பெயரின் இனிஷியல் ஆதாரிலும் அட்டையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

இவற்றையும் விடாதீர்கள்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு; இதற்கு வருமான வரம்பு இல்லை. கலந்தாய்வில் சீட்டு கிடைக்கும் நிலையில், 'நிர்வாக ஒதுக்கீட்டில் சுலபமாகச் சேர்க்கிறோம்' என்பவரை நம்பிப் போனால் இந்த இரண்டும் கைநழுவிவிடும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை, தொழில்நுட்பப் பட்டமோ டிப்ளமோவோ படிக்கும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம்.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் எல் அண்ட் டி நிறுவனத்தின் பில்ட் இந்தியா உதவித்தொகையைக் கவனிக்கலாம். கட்டுமான மேலாண்மையில் எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம் அது. படித்து முடித்தபின் அங்கேயே வேலை செய்யும் நிபந்தனை உண்டு. ஒப்பந்தத்தை முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எங்கே ஏமாறுகிறோம்

'உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்' என்று போன் வந்தால் உடனே வையுங்கள். பணம் பெறுவதற்கு பின் நம்பரோ ஓடிபியோ தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ, அத்தனை நல்லது.

'அனுமதி ஆகிவிட்டது, பணம் வரவில்லை' என்றால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். எப்போதோ தொடங்கி மறந்த கணக்கில் அது கிடக்கலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

உதவித்தொகை வரத் தாமதமாகிறது என்று அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை, ஏ.ஐ.சி.டி.இ. விதி அதைத் தடுக்கிறது. நன்கொடை கேட்பது 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். விண்ணப்பம் தேங்கினால் முதல்வரின் உதவி மையம் 1100-இல் புகார் பதியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் விண்ணப்பம் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?' என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

வருமானம், சாதி, முதல் பட்டதாரிச் சான்றுகளுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் தெருவில் கட்டட வேலை செய்பவரிடம், 'அண்ணே, வாரிய அட்டை புதுப்பிச்சாச்சா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பிள்ளையின் படிப்பு நிற்காமல் இருக்க அந்தக் கேள்வியே போதுமானதாக இருக்கலாம்.