பேக்ரவுண்டை நீக்கின போட்டோவில் கறுப்புக் கட்டம் வருதா? `ஆல்ஃபா' செய்யும் வேலை இதுதான்!

வீட்டில் தம்பி பையனுக்குக் காதணி விழா. போனில் எடுத்த போட்டோவில் பேக்ரவுண்டை நீக்கி, குழந்தையை மட்டும் அழகா கட் பண்ணி, கீழ்பென்னாத்தூர் ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுறீங்க. அஞ்சே நிமிஷத்தில் கடைக்கார அண்ணனிடமிருந்து பதில் வருது: ``பின்னாடி ஒரே கறுப்பா இருக்கே, வேற போட்டோ இருக்கா?''

உங்க போனில் இல்லாத கறுப்பு, அவர் கம்ப்யூட்டருக்கு எங்கிருந்து வந்தது? பதிலைத் தெரிஞ்சுக்கிட்டா பேனர் மட்டுமல்ல, உங்க ஆதார் நம்பரும் தப்பிக்கும்.

ஆல்ஃபான்னா என்ன?

டிஜிட்டல் போட்டோ என்பது லட்சக்கணக்கான புள்ளிகளின் தொகுப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூணு எண்கள். வழக்கமா ஒவ்வொண்ணும் 0-லிருந்து 255 வரை இருக்கும். பேக்ரவுண்ட் இல்லாத படங்களில் நாலாவதா ஒரு எண் சேரும். அதுதான் ஆல்ஃபா. 255 என்றால் அந்தப் புள்ளி முழுசா தெரியும். 0 என்றால் துளியும் தெரியாது. நடுவில் இருந்தால், கண்ணாடிச் சேலை மாதிரி பின்னால் இருப்பதும் சேர்ந்து தெரியும்.

கணக்கு சிம்பிள். மேலே இருக்கும் படத்தில் ஒரு புள்ளியின் சிவப்பு அளவு 200, கீழே இருப்பதில் 100, ஆல்ஃபா 25 சதவிகிதம் என்று வெச்சுக்குவோம். 200-ல் கால் பங்கு 50, 100-ல் முக்கால் பங்கு 75. கூட்டினால் 125. திரையில் நீங்க பார்க்கிறது அந்த 125-ஐத்தான்.

1970-களின் இறுதியில், நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் வேலைபார்த்த ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் உருவாக்கிய யோசனை இது. பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியதும் இவர்கள்தான். இதற்கான கணக்கை முழுமையாக வகுத்து, 1984-ல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப். இந்த நால்வருக்கும் 1996-ல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

தீபத்தை எப்படி வெட்டுவீங்க?

திருவண்ணாமலை மகாதீபத்தை எடுத்துக்குவோம். கொப்பரையின் ஓரத்தைக் கோடு போட்டு வெட்டிடலாம். ஆனா, ஜுவாலை எங்கே முடியுது, இருட்டு எங்கே தொடங்குது? கோடு போடவே முடியாது. நடுவில் முழுசா, ஓரத்தில் பாதியா, புகையில் கொஞ்சூண்டு என்று படிப்படியா ஆல்ஃபா குறைஞ்சாதான் அது தீபமா தெரியும். கத்தரியில் வெட்டின மாதிரி வெட்டினா, மஞ்சள் அட்டையை ஒட்டினது போல இருக்கும்.

தலைமுடிக்கும் இதே கதைதான். மல்லாட்டைக் கொல்லையில் நின்னு எடுத்த போட்டோவை வெட்டி வேற பேக்ரவுண்டில் வெச்சா, முடி ஓரத்தில் லேசா பச்சை தெரியும். அந்த ஓரப் புள்ளிகளில் முடியின் நிறமும் கொல்லையின் பச்சையும் ஏற்கெனவே கலந்திருக்கு. ஆல்ஃபாவைக் குறைச்சாலும் கலந்த நிறம் தானா பிரியாது. அந்த நிறத்தையே தனியா திருத்தணும்.

கறுப்பு எங்கிருந்து வந்தது?

இப்போ ஃப்ளெக்ஸ் கடைக்கு வருவோம். பி.என்.ஜி ஃபைலில் ஆல்ஃபாவுக்கு இடம் உண்டு. ஜே.பி.ஜி-யில் கிடையாது. வாட்ஸ்அப்பில் `போட்டோ'வாக அனுப்பினால், சுருக்கி ஜே.பி.ஜி-யாக மாற்றிடும். நாலாவது எண் காணாமப்போகும். மீதி மூணு எண்கள் மட்டும் மிஞ்சும். நீக்கப்பட்ட இடத்தில் பல ஆப்கள் அந்த மூணையும் 0 என்றுதான் வெச்சிருக்கும். மூணும் 0 என்றால் அது கறுப்பு! சில ஆப்கள் அந்த இடத்தை வெள்ளையா நிரப்பிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறைஞ்சது வேற, அழிஞ்சது வேற!

இங்கேதான் நாம உஷாரா இருக்கணும். ஆல்ஃபா 0 என்பது `இதைக் காட்டாதே' என்ற உத்தரவு மட்டும்தான். அந்தப் புள்ளியின் நிறம் ஃபைலுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். ஜிம்ப் மென்பொருளில் பி.என்.ஜி-யாகச் சேமிக்கும்போது, மறைந்த புள்ளிகளின் நிறத்தையும் சேர்த்து வைக்கவா என்று ஓர் ஆப்ஷனே உண்டு. அப்படிச் சேமித்த படத்தில் ஆல்ஃபாவை மறுபடி ஏற்றினால், நீங்க நீக்கினதா நினைச்ச பேக்ரவுண்ட் திரும்ப எட்டிப்பார்க்கும்.

இதைவிடச் சாதாரணமா நடக்கிறது ஒண்ணு இருக்கு. ஆதார் கார்டு போட்டோவில் நம்பர் மேல் ஹைலைட்டர் டூலால் நாலு முறை கறுப்பு தீட்டி அனுப்புறது. ஹைலைட்டர் என்பது பாதி ஆல்ஃபாவில் வேலை செய்யுற மை. எத்தனை முறை தீட்டினாலும் அடியில் இருக்கும் எண்களின் சாயல் மிஞ்சலாம். அதை வாங்கியவர் பிரைட்னஸை ஏற்றினால் நம்பர் பல்லிளிக்கும்.

கவனத்தில் வெச்சுக்கோங்க

* பேக்ரவுண்ட் நீக்கின படத்தை பி.என்.ஜி-யாகச் சேமிச்சு, வாட்ஸ்அப்பில் `டாக்குமென்ட்' ஆகவே அனுப்புங்க. `ஹெச்.டி' என்று தேர்வுசெய்தாலும் ஆல்ஃபா தங்காது.

* இணையத்தில் சாம்பல், வெள்ளைக் கட்டங்களோட இருக்கும் படங்களை நம்பிடாதீங்க. அந்தக் கட்டம், `இங்கே எதுவும் இல்லை' என்பதற்கு எடிட்டிங் ஆப்கள் காட்டும் அடையாளம். டவுன்லோடு செஞ்ச பிறகும் கேலரியில் கட்டம் தெரிஞ்சா, பெரும்பாலும் அது படத்தோடு ஒட்டியே வந்த கட்டம்தான்.

* பிரின்ட்டுக்குக் கொடுக்கும் முன் கட் பண்ணின படத்தை ஒருமுறை கறுப்பு மேல், ஒருமுறை வெள்ளை மேல் வெச்சுப் பாருங்க. ஓரத்தில் இருக்கும் பிசிறு உடனே மாட்டும்.

* நம்பரை மறைக்கணுமா? ஹைலைட்டர் வேண்டாம். முழுக் கறுப்புக் கட்டத்தை மேலே வெச்சு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. ஆதாருக்கு இன்னும் நல்ல வழி, கடைசி 4 எண்களை மட்டும் காட்டும் `மாஸ்க்டு ஆதார்'. அரசின் ஆதார் தளத்திலேயே டவுன்லோடு செஞ்சுக்கலாம்.

அடுத்த முறை ஒரு போட்டோவில் எதையாவது மறைச்சு யாருக்காவது அனுப்பும் முன், சென்ட் பட்டனைத் தொடாமல் ஒரு நொடி யோசிங்க: இது நிஜமாவே அழிஞ்சிருக்கா, இல்ல நம்ம கண்ணுக்கு மட்டும் தெரியலையா?