அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கார் பழுதறிதல் கல்வி

ஐக்கிய அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில் கார் பழுதுபார்த்தல் ஒரு விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் 9 முதல் 12 வரையான வகுப்புகளைக் குறிக்கும். மாணவர்களின் வயது ஏறத்தாழ 14 முதல் 18 வரை. பேச்சுவழக்கில் இந்தப் பாடத்தை 'ஆட்டோ ஷாப்' என்பார்கள். சில பள்ளிகளில் வளாகத்துக்குள்ளேயே லிஃப்டுடன் கூடிய பட்டறை உண்டு. வேறு சில மாவட்டங்களில் பல பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு தொழிற்பயிற்சி மையம் இருக்கும். மாணவர்கள் அரை நாள் அங்கே சென்று கற்பார்கள்.

இந்தப் பாடத்தில் இரண்டு திறன்கள் கலந்துள்ளன. ஒன்று, பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது. மற்றது, பழுது எந்தப் பாகத்தில் என்று கண்டுபிடிப்பது. முன்னதைப் பழக்கத்தால் சில மாதங்களில் கற்றுவிடலாம். பின்னதற்கு இயற்பியலும் பொறுமையும் வேண்டும். இன்றைய கார்களில் கூலியின் பெரும்பகுதி பின்னதற்கே தகும் என்று சொன்னாலும் மிகையில்லை.

வரலாறு

1917-இல் இயற்றப்பட்ட ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகிய தொழிற்கல்விகளுக்கு மத்திய அரசின் நிதியை வழங்கியது. கார்கள் பெருகப் பெருகப் பள்ளிப் பட்டறைகளும் பெருகின. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்கல்வியைப் பொதுக் கல்வியிலிருந்து பிரித்தே வைத்தது. 'கல்லூரிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம், கையால் உழைக்கிறவர்கள் இந்தப் பக்கம்' என்ற பிரிவினை நிலைத்தது. ஏழை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் விருப்பம் கேட்கப்படாமலே பட்டறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பின்னாளில் வலுவாக எழுந்தது. அது நியாயமான குற்றச்சாட்டுதான்.

1983-இல் வெளிவந்த 'ஆபத்தில் ஒரு நாடு' என்ற அரசு ஆணைய அறிக்கை, எல்லா மாணவர்களும் 4 ஆண்டு ஆங்கிலமும் கணிதம், அறிவியல், சமூகவியல் ஆகியவற்றில் 3 ஆண்டுகள் வீதமும் படிக்க வேண்டும் என்றது. மாநிலங்கள் பட்டப் படிப்புக்கு ஏற்றவாறு விதிகளை இறுக்கின; விருப்பப் பாடங்களுக்கான நேரம் சுருங்கியது. பட்டறைக்கு இடமும் கருவியும் காப்பீடும் தேவை. நல்ல மெக்கானிக்குக்கு வெளியே கிடைக்கும் வருமானத்தைப் பள்ளியால் எளிதில் தர முடியாது. இக்காரணங்களால் பல பட்டறைகள் மூடப்பட்டன. 1984-இல் வந்த பெர்கின்ஸ் சட்டத்தின் நிதி எஞ்சியவற்றைத் தாங்கி நின்றது. அச்சட்டம் 2006-இல் புதுப்பிக்கப்பட்டபோது 'தொழிற்கல்வி' என்ற பெயர் 'பணி மற்றும் தொழில்நுட்பக் கல்வி' என மாறியது.

பட்டறை வகுப்பு மூளைக்கு வேலையில்லாத வகுப்பு என்ற எண்ணத்துக்கு மறுப்பாக ஃபிலடெல்ஃபியா நகரின் வெஸ்ட் ஃபிலடெல்ஃபியா உயர்நிலைப் பள்ளியைச் சொல்லலாம். அப்பள்ளி மாணவர்கள் தாங்கள் உருவாக்கிய கார்களுடன் 2010-இல் முடிவடைந்த ஆட்டோமோட்டிவ் எக்ஸ் பிரைஸ் போட்டியில் கலந்துகொண்டார்கள். ஒரு கேலனுக்கு 100 மைல் என்ற அளவை எட்ட வேண்டிய அப்போட்டியில் எதிரணிகளாக நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இருந்தன. பரிசு கிடைக்கவில்லை; போட்டியிட்ட ஒரே உயர்நிலைப் பள்ளி அணி அதுதான்.

கணினி வந்த பிறகு

புகையைக் கட்டுப்படுத்துவதற்காக, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் மின்னணு அமைப்பைக் கலிஃபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியது. 1996 மாடல் முதல் நாட்டில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொதுத்தரம் வந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, டாஷ்போர்டின் அடியில், 16 முனைகள் கொண்ட இணைப்பான் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பழுதுக் குறியீடு திரையில் தெரியும்.

இங்கேதான் புதிய மாணவர் ஏமாறுகிறார். குறியீடு பழுதின் பெயரன்று. கணினி கவனித்த அறிகுறி மட்டுமே. காய்ச்சல் என்பது நோயின் பெயர் ஆகாதது போலத்தான். குறியீட்டைப் படித்த உடனே பாகத்தை வாங்கி மாட்டுகிறவரை அமெரிக்கப் பட்டறைகளில் 'பாகம் மாற்றி' என்று ஏளனம் செய்வார்கள். அவரால் நட்டப்படுகிறவர் வாடிக்கையாளர்.

பி0301 என்ற குறியீடு முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்கிறது. காரணம் காயிலா, ஸ்பார்க் பிளக்கா, எரிபொருள் தெளிப்பானா, அழுத்தக் குறைவா என்று அது சொல்லாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள என்ஜினில் மாணவருக்குச் சொல்லித்தரும் முதல் உத்தி செலவில்லாதது. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதுக்கும், இரண்டாவதன் காயிலை முதலுக்கும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. குறியீடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் அடுத்துப் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பி0171 இன்னும் சிக்கலானது. கலவையில் காற்று மிகுதி அல்லது எரிபொருள் குறைவு என்பது அதன் பொருள். ஆக்சிஜன் சென்சார்தான் இச்செய்தியைத் தருகிறது என்பதால் பலர் அதையே மாற்றிவிடுவார்கள். செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது இது. கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது என்பதை ஸ்கேனர் விழுக்காட்டில் காட்டும். காற்றின் அளவை சென்சாரால் அளக்கும் என்ஜினில், வண்டி நின்றபடி ஓடும்போது அந்த எண் 20 ஆகவும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் 4 ஆகவும் இருந்தால், எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே கசிகிறது எனலாம். மெதுவாக ஓடும் என்ஜின் குறைந்த காற்றையே இழுப்பதால் கசிவின் பங்கு அப்போது பெரிதாகத் தெரிகிறது. மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால் எரிபொருள் பம்ப், வடிகட்டி, காற்றளவு சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கணினியே தேவைப்படாத பாடமும் உண்டு. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழல்கிறது; பேட்டரியோ 12.6 வோல்ட் காட்டுகிறது. எர்த் கேபிளின் மின்தடையை மீட்டரால் அளந்தால் சுழியம். கேபிள் நன்றாக இருக்கிறது என்று மாணவர் எழுதிவிடுவார். ஆனால் கேபிளின் உள்ளே இழைகள் அற்று, ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட சுழியத்தையே காட்டும். மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம். ஸ்டார்ட்டர் இழுப்பதோ நூறு ஆம்பியருக்கும் மேல். 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடைகூட 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டபடியே, பேட்டரியின் எதிர்முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே வோல்ட்டை அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் பார்த்த ஓம் விதி இங்கே ஒரு வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

தேர்வும் சான்றிதழும்

பழுதறிதலைக் கற்பிக்க ஆசிரியர்கள் நல்ல வண்டியில் வேண்டுமென்றே கோளாறு வைப்பார்கள். ஃபியூஸைப் பிடுங்குவது, கெட்ட ரிலேயைச் செருகுவது, வெற்றிடக் குழாயைத் தளர்த்துவது போன்றவை. பிளைமவுத், ஃபோர்டு முதலிய நிறுவனங்களின் ஆதரவில் நடந்த மாணவர் போட்டிகளும் இதே முறையிலானவை. இருவர் கொண்ட ஒவ்வோர் அணிக்கும் ஒரே மாதிரியான கோளாறுகள் வைத்த வண்டி தரப்படும்; நேரத்துக்குள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

1972-இல் தொடங்கிய ஏஎஸ்இ என்ற தேசிய அமைப்பு மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கிறது. அதன் முழுச் சான்றிதழுக்குப் பணி அனுபவம் தேவை. மாணவர்களுக்கென அனுபவம் கேட்காத தொடக்கநிலைத் தேர்வுகளும் உள்ளன.

கருவிகளோடு எழுத்தும் இப்பாடத்தில் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் 'புகார், காரணம், தீர்வு' என்று மூன்று பகுதிகள் கொண்ட வேலைச் சீட்டை மாணவர் நிரப்ப வேண்டும். மூன்றில் கடினமானது நடுப்பகுதி. 'கேபிள் கெட்டுவிட்டது' என்று எழுதினால் போதாது. 'ஸ்டார்ட்டர் சுழலும்போது எர்த் பக்கத்தில் 1.5 வோல்ட் இழப்பு, பேட்டரி முனையருகே கேபிள் உள்ளே அரித்துள்ளது' என்று அளவோடு எழுத வேண்டும். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டிக்கு விற்பனையகம் செய்யும் வேலைக்குத் தயாரிப்பு நிறுவனம் பணம் தருவது இந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.