மாட்டுப்பட்டியில் கடை போடும் முன்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் சின்னம்மா வீட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பட்டி உண்டு. தாத்தா காலத்தில் கருங்கல்லையும் களிமண்ணையும் வைத்துக் கட்டியது. கடைசிப் பசுவை விற்ற பிறகு அதில் விறகு அடுக்கினார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எல்லப் பக்கம் வெளிநாட்டவர்கள் கூட்டமாக வரத் தொடங்கியதும் சின்னம்மாவின் மகனுக்கு ஒரு யோசனை வந்தது. பட்டியைக் கழுவி, சாணித் தரையில் சிமெந்து போட்டு, முன்பக்கம் தேநீர்க் கடை, பின்பக்கம் ஒரு தங்கும் அறை. பழைய கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து விளக்குக்கு மூடியாகத் தொங்கவிட்டான். மாட்டுக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டியில் பூச்செடி நட்டான். உண்மையிலேயே அழகாக இருந்தது. நான் அங்கே உட்கார்ந்து இஞ்சித் தேநீர் குடித்திருக்கிறேன்.

இரண்டாவது வருஷம் தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாத கட்டடத்தை அகற்றி இடத்தை ஒப்படைக்க வேண்டுமாம்.

"தொரை வாயால சரின்னுதான் அக்கா சொன்னாரு" என்றான் தம்பி. சரி என்று சொன்ன துரை மாற்றலாகிப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. சின்னம்மாவின் வளையல் அடகுக் கடையில். குழுக் கடனில் இன்னும் பதினான்கு தவணை பாக்கி.

பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எங்கே போனாலும் இன்று இதே கனவோடு இளைஞர்களைப் பார்க்கிறேன். பூட்டிக் கிடக்கும் கொழுந்து மடுவம், கைவிட்ட பிள்ளைமடுவம், தொங்கல் காம்பராவின் பின்புறம், மாட்டுப்பட்டி எல்லாம் கடையாகவும் தங்குமிடமாகவும் மாறுகின்றன. கனவில் தவறே இல்லை. நாட்கூலியை மட்டும் நம்பிய வாழ்க்கையிலிருந்து வெளியே வர ஒரு வாசல் அது. ஆனால் அந்த வாசலை வைக்கும் நிலம் யாருடையது என்ற கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் விழுகிறார்கள்.

தோட்டங்களின் பெரும்பகுதி 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் அதற்கு 1975இல் வந்த திருத்தத்தாலும் அரசின் கைக்குப் போனது. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன. பின்னர் 2045 வரை ஓடும் 53 வருஷக் குத்தகைகள் எழுதப்பட்டன. எனவே கம்பனி குத்தகைக்காரர், அரசு உரிமையாளர். நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்து செத்தவர்களின் பெயர் அந்த ஆவணங்களில் எங்குமே இல்லை. இது பெரிய அநியாயம். 7 பேர்ச் காணியோடு தனி வீடு, கையில் உறுதி என்று பேச்சு நடந்து வருஷங்கள் ஆகின்றன. கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன, கிடைக்காத குடும்பங்கள் அதைவிட அதிகம். அநியாயம் தீரும் நாள் வரும்வரை இன்றைய சட்டத்துக்குள் நின்றுதான் நம் காசைக் காப்பாற்ற வேண்டும்.

முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் காம்பரா வேறு, அதற்குப் பின்னால் நீங்கள் கடை போட்ட பட்டி வேறு. குடியிருக்கும் காம்பராவுக்கு 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் பற்றிய விசேட ஏற்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்பதற்காக, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒரு குடும்பத்தைத் தூக்கி வெளியே போட முடியாது. தண்ணீர்க் குழாயை வெட்டுவது, கூரைத் தகரத்தைக் கழற்றுவது போன்ற வேலைகளில் யாராவது இறங்கினால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பதுளையில் அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே வருவது 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீட்புச் சட்டம். தகுதிவாய்ந்த அதிகாரி வெளியேறும்படி அறிவித்தல் தருவார். அதில் குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்க வேண்டும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்வார். அங்கே நீங்கள் போய், "எங்கள் பாட்டன் கட்டிய பட்டி, ஐந்து லட்சம் செலவழித்தேன்" என்று அழுதாலும் நீதவானால் அதைப் பார்க்க முடியாது. அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்திலான வேறு அதிகாரமோ உங்களிடம் இருக்கிறதா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி. துரை வாயால் சொன்னது அந்த அறையில் காற்றோடு போகும். கணக்கப்பிள்ளை சொன்னது, தலைவர் சொன்னது, தேர்தல் நேரத்தில் மேடையில் சொன்னது எல்லாமே அப்படித்தான்.

ஆகவே செங்கல்லுக்கு முன் கடிதம். என்ன கட்டடம், எத்தனை அடி, எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள், எத்தனை வருஷத்துக்கு என்று எழுதி, ஒரு கைப்படத்தையும் சேர்த்து, தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் துரையின் கையெழுத்தோடு மட்டும் வந்தால் போதாது. கம்பனியின் தலைமை அலுவலகம் சம்மதிக்கிறதா, குத்தகையில் அதற்கு இடமுண்டா என்றும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காணி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்றே தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். விண்ணப்பம் தமிழில் இருக்கலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். சிங்களத்தில் வந்த கடிதம் எதிலும் வாசித்து விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. சிலர் தங்கள் பட்டியை, வீட்டுத் தோட்டத்தை, சில வேளை காம்பராவையே வெளியாட்களுக்கு "விற்கிறார்கள்". வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்து. எல்லப் பக்கம் காணி விலை ஏற ஏற இந்தத் தாள்களும் பெருகுகின்றன. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன் சாட்சிகளோடு எழுதாத காணி விற்பனை செல்லாது. அரச காணியைத் தொழிலாளி விற்கவே முடியாது, நொத்தாரிசு எழுதினாலும் முடியாது. வாங்குபவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. விற்றவருக்கோ வழக்கு மிஞ்சும். உறுதிக் காணி என்று யாராவது காட்டினால் பதுளைக் காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டி ஏட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

காணி சரி என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது மலை.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போக மாற்றிடம் இல்லாததால் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மோசமாக அடிபட்டது. இதையெல்லாம் கண்ட பிறகும் தங்கும் அறைக்கு "வியூ" வேண்டும் என்று சரிவின் நுனியை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பட்டிகளுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. கழிவு ஓடிப்போக வசதியாக அவற்றைப் பெரும்பாலும் பள்ளத்தில், கானை ஒட்டிக் கட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீர் இறங்கும் வழியும் அதுதான். அந்தக் கானை மூடி, மேலே கொங்கிறீட் போட்டு, கதிரை மேசை போட்டால் தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்குள் போகும். அப்படி ஊறிய மண்தான் ஒரு நாள் சரியும். பின்பக்கச் சரிவை வெட்டி இடம் அகலமாக்கினால் தாங்குசுவர் வேண்டும், அந்தச் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகள் வேண்டும். இதைப் பாஸ் சொல்வதை மட்டும் கேட்டுச் செய்யாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பதுளையில் அலுவலகம் இருக்கிறது. மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அவர்களின் அறிக்கை 2011 முதல் தேவைப்படுகிறது, பதுளை அதில் அடக்கம். அறிக்கை கேட்பதை அலைச்சலாக நினைக்க வேண்டாம். உங்கள் கூரையின் கீழ் ஒரு விருந்தாளி தூங்கப் போகிறார்.

கட்டி முடித்தவர்களும் கவனிக்க வேண்டியவை உண்டு. நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்ந்த மரம், நேற்றுவரை ஒழுங்காகச் சாத்திய கதவு இன்று இடிப்பது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராகுங்கள், 150ஐத் தொட்டால் அந்த இடத்தில் நிற்கவே வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இனிக் கட்டடம். தம்பியின் கடையில் ஒரு நாள் நாற்காலியை நகர்த்தியபோது சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. மூன்று தடவை பெயின்ட் அடித்தானாம். முப்பது வருஷம் மாட்டு மூத்திரம் ஊறிய சுவர் அது. அந்த உப்பு சுவருக்குள் இருக்கிறது. ஈரம் ஏறும்போதெல்லாம் வெளியே வந்து பூச்சைத் தள்ளும். மேலே சிமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, களிமண் சாந்தும் இளகும். கெட்ட பூச்சைச் செதுக்கி எடுத்து, சாணி ஊறிய தரை மண்ணைத் தோண்டி அகற்றி, சுவரைச் சில மாதம் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசினால் சுவர் மூச்சுவிடும். களிமண்ணில் கட்டிய கல்சுவரின் மேல் மாடி எழுப்புவது பற்றி யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் பழைய களஞ்சியங்களை வீடாக்க 2014இல் விதியைத் தளர்த்தினார்கள். அங்கேகூட, இருக்கிற கட்டடமே வீடாவதைத் தாங்க வேண்டும், இடித்துப் புதிதாய்க் கட்டுவதை மாற்றியமைப்பு என்று சொல்ல முடியாது என்பது நிபந்தனை.

பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை "பழமை அழகு" என்று வெட்டித் தட்டிப் பாவிப்பதையும் நிறுத்துங்கள். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் நோய் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். அகற்றியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மின்சாரத்தை லயத்து வீட்டிலிருந்து ஒரு வயரில் இழுக்காதீர்கள். லயக் கூரைக்குக் கீழே தடுப்பில்லை, ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்றுவிடும். ட்ரிப் சுவிட்சோடு தனி இணைப்பு வாங்குங்கள்.

கடைக்குப் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் வருஷா வருஷம் வேண்டும். சாப்பாடு விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். தங்க வைப்பதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு. இந்த இடங்களிலெல்லாம் முதலில் கேட்பது காணிக்கான ஆவணத்தைத்தான், அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

ஏற்கனவே அறிவித்தல் வந்துவிட்டவர்களுக்கு: அதைக் கிழிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். கையில் கிடைத்த திகதியை அதன் பின்புறம் எழுதுங்கள். சம்பளத் துண்டு, ஈபிஎப் விபரம், வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்கட்டணச் சிட்டை, நிர்வாகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள், பட்டியின் பழைய படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு அந்த வாரமே பதுளையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுகிறார்கள். அறிவித்தலே பிழையானால் எழுத்தாணை கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. நாள் கடந்தால் அந்த வழி ஒடுங்கும். தம்பி இருபத்தேழாவது நாள்தான் கடிதத்தை என்னிடம் காட்டினான். கடை போய்விட்டது. கல்தொட்டியை மட்டும் லயத்து வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

கந்தப்பொலையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகளெல்லாம் அறைகளாயின. ஊவாவிலும் துரைமார் பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகிவிட்டன. நல்ல வேலைதான், பழைய கட்டடங்கள் பிழைத்தன. அவற்றுக்குக் குத்தகைப் பத்திரமும் வரைபடமும் கிடைத்ததால்தான் பிழைத்தன. எங்கள் மடுவங்களும் பட்டிகளும் பாழடைந்து கிடக்கின்றன. பாதுகாப்பான இடத்தில் இருப்பவற்றை அதே தோட்டத்துக் குடும்பங்களுக்கு எழுத்தில், நியாயமான காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கக் கம்பனிகளும் அரசும் முன்வர வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும்.