அபயம் தந்த அம்மையார்

யாரேனும் சற்று முறைபிறழ்ந்து பேசினால், "ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று கேலி செய்வது திருவனந்தபுரத்தில் வழக்கம். சாலைக் கடைவீதியிலும் கரமனை அக்கிரகாரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தாரும் இக்கேலியை மலையாள அன்பர்களிடம் கற்றுத் தாராளமாகவே வழங்குகின்றனர். ஊளம்பாறையில் இருப்பது அரசினர் மனநல மருத்துவமனை. அதன் மதிலுக்குள் நோயாளிகள் எவ்வாறு வைக்கப்பட்டிருந்தனர் என்பதை நெடுங்காலம் நகரத்தார் கேட்டறிய முற்பட்டாரில்லை.

1985ஆம் ஆண்டில் அங்கே சென்று கண்டவர் கவிஞர் சுகதகுமாரி அம்மையார். 1934இல் பிறந்து, இந்நகரில் தத்துவம் பயின்று, 1978இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கப் போராடியவர். இவை பலரும் அறிந்தவை. இந்நகரின் ஜவகர் பாலபவனத்தை நடத்தியதும், 'தளிர்' என்னும் சிறுவர் இதழுக்கு ஆசிரியராக இருந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இளம் உள்ளங்களோடு பழகிய அவருக்கு, ஊளம்பாறையில் கண்ட காட்சி உறக்கத்தைக் கெடுத்தது என்றால் வியப்பில்லை. ஆங்கிலேயர் 1912இல் இயற்றிய பைத்தியக்காரர் சட்டமே அந்நாளில் நடைமுறையில் இருந்தது என்பதையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவிதை ஒன்று எழுதிவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் 'அபயா' என்னும் அறநிறுவனத்தை அவ்வாண்டே தோற்றுவித்தார். அதில் அவர் ஏற்ற பதவி செயலாளர் பதவி. நம் சங்கங்களில் தலைவர் நாற்காலிக்கு நடக்கும் போட்டியைக் கண்டு பழகிய நமக்கு இது சிறிது உறைக்கத்தான் செய்கிறது. கடிதம் எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும், அமைச்சர் வாயிலில் காத்திருப்பதும் செயலாளருக்குரிய வேலைகள் அல்லவா?

நோய் தணிந்தபின்பும் வீட்டார் அழைத்துச் செல்ல மறுப்பதே இத்துறையின் பெருந்துயரம். மருந்து கொடுக்க மருத்துவர் உண்டு. திரும்பிச் செல்ல வாசல் ஒன்று வேண்டுமே! மலயின்கீழில் அமைந்த அபயகிராமம் அத்தகையோருக்கு வீடாயிற்று. ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் 'அத்தாணி', போதைக்கு அடிமையானோரை மீட்க 'போதி' எனக் கிளைகள் வளர்ந்தன. 1996இல் கேரள மகளிர் ஆணையத்தின் முதல் தலைவராகவும் அம்மையார் அமர்ந்தார். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், கொரோனா நோயுற்று, இந்நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறைந்தார். அவர் தொடங்கிய பணி அவருக்குப் பின்னும் நடைபெறுகிறது.

இதனை நம் குடும்பங்களுக்கு ஏன் எழுதுகிறோம்? ஊரைவிட்டுப் பதினெட்டு வயதில் வேலைக்கு வரும் பிள்ளைகள் இங்கே வாடகை அறையில் தனித்து வாழ்கின்றனர். தம்பானூர் இரயில் நிலையத்தில் நள்ளிரவு வண்டியிலிருந்து இறங்கி, எங்கே செல்வதென்று அறியாது நிற்கும் இளைஞரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். மொழி புதிது, சோறு புதிது. மனம் தளர்ந்தவனை நாட்டுக்கு அனுப்பி மந்திரிக்கச் சொல்வோர் உண்டு. "கல்யாணம் தட்டிப்போகும்" என்று அஞ்சி மூடிமறைப்போர் அதைவிட மிகுதி. காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம். பையன் பத்து நாளாக உறங்கவில்லை என்றால் கதவைச் சாத்துகிறோம். இது அறிவுடைமை ஆகாது என்பதே நம் கருத்து.

சட்டமும் மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசினர் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதைக் குடிமக்களின் உரிமையாக்கியுள்ளது. தொலைபேசி வழியாகவும் உதவி கிடைக்கிறது. 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண். இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். கேரள அரசின் 'திசா' எண் 1056. இவ்விரு எண்களையும், பிள்ளைகள் தங்கும் அறைகளில் நாட்காட்டிக்கு அருகே எழுதி ஒட்டும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.