டைரி நிறைந்தால்தான் அடுப்பு எரியும்!

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால், சாமி கும்பிட்ட கையோடு ராத்திரி நாடகமும் உண்டு. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். இரவு 10 மணி வாக்கில் ஆர்மோனியம் தொடங்கினால், வள்ளிக்குக் கல்யாணம் முடியும்போது விடிந்துவிடும்.

பார்க்கிற நமக்கு ஏதோ ஒரு கம்பெனி நடத்தும் நாடகம் போலத் தெரியும். ஆனால், கம்பெனியே கிடையாது! வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'ஸ்பெஷலாக' அழைப்பதால்தான் இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். பல நேரம், மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் பூசும்போதுதான் இன்றைய ஜோடி யார் என்பதையே நேரில் பார்ப்பார்கள்.

ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. பிறகு எப்படி நாடகம் நடக்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக்கொடுத்த பாதை இருக்கிறது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் மனப்பாடம் மட்டும் போதாது. எதிரே நிற்பவர் என்ன கேள்வி போடுவார் என்று தெரியாது. திணறினால் முன்வரிசைப் பெரியவர்களே சிரித்துவிடுவார்கள். அடுத்த வருடம் அந்த ஊரிலிருந்து அழைப்பு வருவது சந்தேகம்தான்.

இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கையில் இருப்பது ஒரு டைரி. எந்தத் தேதி, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எவ்வளவு அட்வான்ஸ் என்று அதில் குறித்திருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் பக்கங்கள் நிரம்பும். ஒரே வாரத்தில் நாலைந்து ராத்திரி கண்விழிப்பு. பகலில் தூக்கம், சாயங்காலம் மறுபடி பயணம். ஆடி தாண்டினால் பக்கங்கள் வெறுமையாகிவிடும். சீசனில் சம்பாதித்ததை வைத்துத்தான் தை வரை ஓட்ட வேண்டும். பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, வாங்கிய கடனுக்கு வட்டி என எல்லாமே அந்தச் சில மாதங்களை நம்பித்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனி மாதம். நிரம்பியிருந்த டைரி அப்படியே ரத்தானது. மறு வருடமும் சித்திரையில் திருவிழாக்கள் நின்றன. இரண்டு சீசன் போனது என்றால், இவர்களுக்கு இரண்டு வருடச் சம்பளமே போனதாக அர்த்தம்.

இன்றைக்கு வேறொரு சிக்கல், நேரம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. விழாக்காலத்தில் அரசு விலக்கு அளித்தாலும், வருடத்துக்கு 15 நாள்களுக்கு மிகாமல், அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். குழந்தைகளும் நோயாளிகளும் தூங்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால், விடிய விடிய நடக்கும் கலைக்கு அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போதும்? பபூன் வந்து கலகலப்பூட்டி, டான்ஸ் முடிந்து, வள்ளி தினைப்புனத்துக்கு வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் நாடகமே இல்லை, சம்பளமும் இல்லை.

பெண் கலைஞர்களுக்குப் பாரம் இரட்டிப்பு. ராத்திரி வேலைக்குப் போகும் நர்ஸைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. நாடகத்துக்குப் போகும் பெண் விடியற்காலையில் வீடு திரும்பினால் தெருவே பேசுகிறது. மேடையில் வள்ளியைக் கும்பிடுகிற அதே கைகள்தான், வீடு வாடகைக்குக் கேட்டால் கதவைச் சாத்துகின்றன.

உங்கள் ஊரில் அடுத்த திருவிழாவுக்கு நாடகம் வைக்கிறீர்களா? பந்தலுக்கும் சீரியல் லைட்டுக்கும் செலவழிக்கும்போது, மேடைக்குப் பின்னால் உடை மாற்ற மறைவான ஓர் அறை, பெண்களுக்குக் கழிப்பறை, நேரத்துக்குச் சாப்பாடு, இவற்றையும் கணக்கில் சேருங்கள். பேசிய சம்பளத்தை விடிந்ததும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கிளம்பும் முன், அடுத்த வருடத் தேதியையும் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அந்த டைரியில் ஒரு பக்கம் நிரம்பும்!