போன வருடம் கொடுத்தவர்கள் எங்கே?

"உங்கள் டிரஸ்டுக்கு நன்கொடை வரவு எப்படி?" என்று கேட்டால், நிர்வாகிகள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைச் சொல்வார்கள்: இந்த வருடம் இத்தனை லட்சம். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பத்து லட்சம் வந்த டிரஸ்ட் அடுத்த ஜூனில் ஆசிரியர் சம்பளத்துக்குத் திண்டாடலாம். ஆறு லட்சம் வந்த டிரஸ்ட் பதற்றமில்லாமல் நடக்கலாம். பணம் யாரிடமிருந்து வந்தது, எத்தனையாவது முறையாக வந்தது, அதை வாங்க எவ்வளவு செலவானது என்று பார்த்தால்தான் உண்மை நிலவரம் புரியும்.

இதற்கு ஆலோசகர் தேவையில்லை. மூன்று வருட ரசீதுப் புத்தகங்கள், வங்கிக் கணக்கு விவரம், ஓர் எக்செல் தாள் போதும். ஆளுக்கு ஒரு வரி, வருடத்துக்கு ஒரு கட்டம். இந்த வேலை எரிச்சலூட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரே மனிதர் ஒரு ரசீதில் 'கே. முருகன்', இன்னொன்றில் 'முருகன் ஸ்டோர்ஸ்', மூன்றாவதில் வெறும் 'நண்பர்' என்று இருப்பார். கைபேசி எண்ணை அடையாளமாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எண்ணே இல்லாத ரசீதுகள் எத்தனை என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த ரசீதுகளுக்கு உரியவர்களிடம் மறுபடி கேட்க உங்களுக்கு வழியே இல்லை.

தாள் தயாரானதும் முதலில் பார்க்க வேண்டியது, போன வருடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் கொடுத்தார்கள் என்பதை. போன வருடம் 120 பேர் கொடுத்தார்கள், அவர்களில் 48 பேர் இந்த வருடமும் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 40 பேர். இதற்கிடையே புதிதாக 80 பேர் சேர்ந்திருந்தால் மொத்தம் 128 ஆகியிருக்கும். கூட்டத்தில் "எட்டுப் பேர் கூடியிருக்கிறார்கள்" என்று கைதட்டுவார்கள். போய்விட்ட 72 பேரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். புதியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, நம்பிக்கை வரவைத்து, பணம் வாங்குவது எத்தனை அலைச்சல் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். ஏற்கெனவே நம்பிக் கொடுத்தவரை விட்டுவிட்டு அந்த அலைச்சலையே வருடா வருடம் படுவது எனக்கு வீண்வேலையாகத் தோன்றுகிறது.

அந்த 72 பேரும் கோபித்துக்கொண்டு போனவர்கள் அல்ல. பெரும்பாலானவர்களிடம் யாரும் இரண்டாவது முறை கேட்டிருக்கவே மாட்டார்கள். சிலருக்கு ரசீது போயிருக்காது. இன்னும் சிலருக்குப் பணம் என்ன ஆனது என்ற தகவல் போயிருக்காது. இதைச் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பணம் வந்த இரண்டு நாளுக்குள் ஒரு போன்: "வணக்கம் சார், நீங்க அனுப்பினது வந்து சேர்ந்தது. ரசீது வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். ரொம்ப நன்றி." நாலைந்து மாதம் கழித்து இன்னொரு போன்: "சார், நீங்க குடுத்ததுல பசங்களுக்கு நோட்டு வாங்கினோம், போட்டோ அனுப்பட்டுமா?" இந்த இரண்டாவது போனில் பணம் கேட்கக் கூடாது. போன் வந்தாலே காசுதான் கேட்பார்கள் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த போனை எடுக்கமாட்டார்கள்.

ரசீது விஷயம் இப்போது மரியாதையோடு நிற்பதில்லை, சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. 80ஜி அங்கீகாரம் உள்ள அமைப்பு, நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தர வேண்டும், 10பிஇ சான்றிதழைக் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்பது இதுவரை பழகிய நடைமுறை. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். கொடுத்தவரின் வரிச் சலுகையும் சிக்கலாகும், அந்தக் கசப்பு உங்கள் மேல்தான் விழும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்குச் சலுகை இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பிரிவு எண்களையும் படிவங்களையும் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'வரிவிலக்கு உண்டு' என்பதையே துண்டுப் பிரசுரத்தின் முதல் வரியாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. மாதச் சம்பளக்காரர்களில் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களுக்கு அந்த வாசகத்தால் ஒரு பயனும் இல்லை.

க்யூஆர் அட்டையிலும் ஒரு வம்பு இருக்கிறது. விழா மேடைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறோம், பணம் வருகிறது, வங்கிக் கணக்கில் ஒரு யுபிஐ முகவரியும் பாதிப் பெயரும் மட்டும் மிஞ்சுகின்றன. யாருக்கு நன்றி சொல்வது? கொடுத்தவரின் பெயர், முகவரி பதிவில் இல்லாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீத வரி கட்ட வேண்டியும் வரலாம். அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும், எழுதி வாங்க ஒரு தன்னார்வலரும் இருந்தால் தீர்ந்தது.

அடுத்த கேள்வி, மொத்த வரவில் பெரிய ஒருவரின் பங்கு எவ்வளவு? பத்து லட்சத்தில் ஆறு லட்சம் ஒரே நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பணம் என்றால், உங்கள் பள்ளியின் விதி அந்த நிறுவனத்தின் லாப நஷ்டக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. சிஎஸ்ஆர் தொகை முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்று கணக்கிடப்படுவது. லாபம் குறைந்தால் அதுவும் குறையும். பெரும்பாலும் வகுப்பறைக்கும் கணினிக்கும்தான் தருவார்கள், வாட்ச்மேன் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் தரமாட்டார்கள்.

ஒருமுறை திரட்டுவதையும் வருடா வருடம் திரட்டுவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் இலக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தந்து 2015இல் தொடங்கினார்கள், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது, உலகெங்கும் தமிழர்கள் சிறிதும் பெரிதுமாகக் கொடுத்தார்கள், 2018இல் இலக்கு எட்டியது. அது மூலநிதி. ஒருமுறை சேர்ந்தால் அதன் வருமானத்தில் காரியம் நடக்கும். நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் விடுதிக்கு முடிவுக்கோடு கிடையாது. அதற்கு ஏற்றது நம் ஊரின் பழைய பிடி அரிசி வழக்கம்தான்: தினமும் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடியை எடுத்துவைப்பது. இன்று அதை யுபிஐ ஆட்டோபேயில் மாதம் 200 ரூபாய் என்று அமைத்துக்கொள்ளலாம். நூறு பேர் சேர்ந்தால் மாதம் 20,000. அதில் ஐந்து பேர் நின்றாலும் அடுப்பு அணையாது.

செலவுக் கணக்கில் எல்லோரும் மண்டப வாடகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இசை நிகழ்ச்சி வைத்து எட்டு லட்சம் வசூல், ஐந்து லட்சம் செலவு என்றால் கையில் மூன்று லட்சம். அதற்காக மூன்று ஊழியர்கள் இரண்டு மாதம் வேறு வேலை பார்க்கவில்லை என்றால் அவர்கள் சம்பளத்தையும் கழியுங்கள். வந்தவர்களின் பெயர் பட்டியலாவது கிடைத்ததா என்பதையும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த நிகழ்ச்சியை அடுத்த வருடம் நிறுத்திவிடலாம்.

சங்கடமான கேள்வி ஒன்று பாக்கி. அறங்காவலர்கள் தங்கள் பையிலிருந்து கொடுக்கிறார்களா? தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தான் கொடுக்காத ஒருவர் மற்றவரிடம் கேட்கும்போது குரலே இறங்கிவிடும். கேட்கும் வேலை முழுவதையும் செயலாளர் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்காருவதுதான் பல டிரஸ்டுகளில் நான் காண்கிற காட்சி.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்கும் முன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய மாமா அனுப்பினால் ஆகும், அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும்கூட. அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்கீழ் அனுமதியும், பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். இரண்டும் இல்லாமல் வாங்கினால் குற்றம்.

இத்தனையும் பார்த்தபின் முதல் வேலை, அந்த 72 பேரின் பட்டியலை அறங்காவலர்களுக்குள் பிரித்துக்கொள்வது. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு எண்கள். யார் என்ன சொன்னார் என்பதை அன்றன்றே தாளில் ஏற்றுங்கள்: 'வேலை போய்விட்டது', 'ரசீது வரவில்லை', 'மகள் கல்யாணம், தையில் கூப்பிடுங்கள்'. தை பிறந்ததும் அவரைக் கூப்பிடுங்கள்.