பிரேக்கிங் நியூஸ் இல்லாத காய்ச்சல்

1918 ஜூன் 10. பம்பாயில் ஏழு போலீஸ்காரர்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் துறைமுகத்தில் டியூட்டி. மலேரியா இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கப்பலில் வந்திறங்கிய காய்ச்சல் இது என்றார் நகரின் சுகாதார அதிகாரி டர்னர். மேலிடமோ ஊரின் நெரிசலையும் அழுக்கையும் கைகாட்டியது. வாக்குவாதம் முடிவதற்குள் காய்ச்சல் ரயிலேறிவிட்டது.

செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் ஆளைக் கொன்றது. அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாயில் 768 பேர். நாடு முழுக்க எத்தனை பேர் என்று கேட்டால், 1 கோடி 20 லட்சம் என்பவர்களும் உண்டு, 2 கோடி என்பவர்களும் உண்டு. நடுவில் விழும் 80 லட்சம் பேர், எண்ணுவதற்குக்கூட ஆளில்லாமல் போய்ச் சேர்ந்த கிராமத்துச் சனங்கள். 1921 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கணக்கெடுப்பிலும் அப்படிக் குறைந்ததில்லை.

பத்திரிகைகள் வாய்மூடிக் கிடக்கவில்லை. பம்பாய் நகராட்சியை வாங்கு வாங்கென்று வாங்கின. ஆனால் முதலிடம் உலகப்போருக்குத்தான். தலைக்கு மேல் 1910ஆம் வருடத்துப் பத்திரிகைச் சட்டம் வேறு. வெளிநாட்டில் நிலைமை இன்னும் மோசம். போரிட்ட நாடுகளின் தணிக்கை நோய்ச் செய்தியை அமுக்க, நடுநிலை வகித்த ஸ்பெயின் மட்டும் தன் ராஜா படுத்ததைக்கூட எழுதியது, பழியையும் 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்ற பெயரையும் அதுவே சுமந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் போர்க்கடன் பத்திரம் விற்க ஊர்வலம் வேண்டாமென்று மருத்துவர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் அச்சிடவில்லை. செப்டம்பர் 28 அன்று லட்சக்கணக்கில் கூடினார்கள். சில நாட்களிலேயே ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன.

இனி 2009க்கு வருவோம். ஆகஸ்ட் 3 அன்று புனேயில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் முதல் பலி. அன்றிலிருந்து டிவியின் அடிப்பட்டியில் எண்ணிக்கை ஓடத் தொடங்கியது, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. புனேயில் பள்ளி, தியேட்டர், மால் எல்லாம் மூடல். நாயுடு ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. என்-95 முகக்கவசம் கண்ட விலைக்கு விற்றது. கிடைக்காதவர்கள் கைக்குட்டையை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். கற்பூரத்தையும் ஏலக்காயையும் துணியில் முடிந்து முகர்ந்தால் கிருமி அண்டாது என்று ஒரு வைத்தியம் ஊர் ஊராகப் பரவியது. ஒரு வாரத்தில் சென்னையிலும் ஒரு குழந்தை இறக்க, பயம் இங்கேயும் வந்தது. இதற்கெல்லாம் சில மாதம் முன்பே எகிப்து சுமார் 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டிருந்தது. பன்றிக்கறி தின்பதால் அந்தக் காய்ச்சல் வராது என்று நிபுணர்கள் சொல்லியும் நடந்த காரியம் இது.

என் சந்தேகம் அதற்கடுத்த வருடத்தில்தான் தொடங்குகிறது. அரசுக் கணக்குப்படி 2009இல் எச்1என்1 என்கிற இந்தப் பன்றிக் காய்ச்சலுக்கு இறந்தவர்கள் 981 பேர். 2010இல் 1,763 பேர், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வருடம் யாராவது கற்பூர முடிச்சோடு அலைந்ததாக நினைவிருக்கிறதா? 2015இல் சுமார் 3,000 பேர். அப்போது ஓரளவு சத்தம் எழுந்தது. அகமதாபாத்தில் 144 தடை உத்தரவுகூடப் போட்டார்கள். ஆனாலும் 2009இன் கலவரத்துக்கு அது கால்தூசி. முதல் பலிக்குக் கேமரா உண்டு, ஆயிரத்தெட்டாவது பலிக்கு ஒரு வரிகூட இல்லை.

அதற்காக 2009இன் கூச்சலை வெறும் ஊதல் என்று தள்ளவும் மனம் வரவில்லை. உலகம் முழுக்கச் சோதனையில் உறுதியான சாவு சுமார் 18,500தான். இதற்கா இவ்வளவு அமளி என்று உலக சுகாதார நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் வரை போயிற்று. பயப்பட்டது தப்பில்லை. பயம் சீக்கிரம் அலுத்துப்போனதுதான் தப்பு.

இப்போது அலுக்கவும் அதிக நாள் பிடிப்பதில்லை. 2025 ஜனவரி 6 அன்று பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்றதும் சென்செக்ஸ் 1,200 புள்ளிக்கு மேல் சரிந்தது. சென்னையிலும் சேலத்திலும் ஒவ்வொருவருக்கு என்று செய்தி வந்த சூட்டில், சீன ஆஸ்பத்திரிக் கூட்டம் என்று சொல்லி வீடியோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் வந்து விழுந்தன. எச்எம்பிவியோ 2001லேயே கண்டுபிடித்த பழைய வைரஸ், குழந்தைகளுக்குச் சளி பிடிக்கவைக்கும் ரகம். பொங்கல் வந்தது, எல்லாரும் மறந்தார்கள்.

2009இல் புனேயை முடக்கிய எச்1என்1 எங்கும் போய்விடவில்லை. வருடா வருடம் வரும் ஃப்ளூக்களில் அதுவும் ஒன்று. வருடாந்தரத் தடுப்பூசியில் அதற்கும் இடமுண்டு, போட்டுக்கொள்பவர்கள்தான் குறைவு. மழைக்காலத்தில் லேப் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்ப்பவர்கள் "ஃப்ளூதானே டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போகிறார்கள், பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு கொடுக்க.